தம்பியின் குழந்தை மூன்றாம் நாளில் இறந்துவிட்டாள்: என்னிடம் உள்ள படத்தை அழித்துவிட வேண்டுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள்கள் தயங்கிவிட்டு எழுதுகிறேன்.

என் தம்பிக்குத் திருமணமாகி 3 ஆண்டுகள் கழித்துச் சென்ற மாதம் ஒரு பெண் குழந்தை பிறந்தாள். மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளுக்கு ஐந்து வாரங்கள் முன்பே வலி எடுத்துவிட்டதால், காரிமங்கலத்துக்கு அருகிலுள்ள தாய் வீட்டிலிருந்து என் தம்பி மனைவியை இரவோடு இரவாக 108 வண்டியில் அழைத்துச் சென்று, அறுவைச் சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். பிறந்தவுடன் அழுதாள். ஆனால் மூச்சுத் திணறல் இருந்ததால் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வைத்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் இறந்துவிட்டாள். தம்பியும் அவனுடைய மாமனாரும் குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் கொல்லையில் பூவரச மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். அப்போது தாய் தையலோடு வார்டில் படுத்திருந்தாள். பிறந்த அன்று ஒரு கணம் முகத்தைக் காட்டியதைத் தவிர, அவள் தன் மகளைப் பார்க்கவே இல்லை.

அவள் வீட்டுக்கு வருவதற்குள் தூளி கட்ட எடுத்து வைத்திருந்த பழைய பருத்திச் சேலை, சின்னச் சட்டைகள், வளைகாப்புப் படங்கள் என எல்லாவற்றையும் என் அம்மாவும் அவளுடைய அம்மாவும் சேர்ந்து அப்புறப்படுத்திவிட்டார்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். இப்போது அந்த வீட்டில் யாரும் குழந்தையைப் பற்றிப் பேசுவதில்லை. ஏழாம் நாள் அவள், "எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறாள், யாரும் பதில் சொல்லவில்லை.

குழந்தையைப் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைப்பதற்கு முன், செவிலியரின் அனுமதியோடு என் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையைக் கன்னத்தில் வைத்தபடி இருக்கிறாள். "அழித்துவிடு அக்கா, அவள் பார்த்தால் தாங்கமாட்டாள்" என்று தம்பி சொல்கிறான். அழிக்க எனக்குக் கை வரவில்லை. எனக்கு எட்டு மாத மகன் இருக்கிறான், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். கைக்குழந்தையோடு இழவு நடந்த வீட்டுக்குப் போனால் ஆகாது என்று ஒரு பக்கமும், அவனைப் பார்த்தால் அவள் உடைந்துபோவாள் என்று இன்னொரு பக்கமும் சொல்லி என்னைத் தடுத்துவிட்டார்கள். இன்றோடு 20 நாள்கள் ஆகின்றன. நான் இன்னும் போகவில்லை.

படத்தை என்ன செய்வது, போவதா வேண்டாமா, போனால் என்ன பேசுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: அரூர் தாய்

படத்தை அழிக்காதீர்கள், சகோதரி. மற்றவற்றைப் பிறகு சொல்கிறேன். இன்றே அதற்கு ஒரு நகல் எடுத்து உங்கள் கணவரின் கைப்பேசியிலும் வைத்துவிடுங்கள். கைப்பேசி தண்ணீரில் விழும், தொலைந்துபோகும்.

9 ஆண்டுகளுக்கு முன் 38ஆம் வாரத்தில் என் மகன் வயிற்றிலேயே இறந்து பிறந்தான். படம் கிடையாது. முகம் யாரைப்போல் இருந்தது என்று பிறகு கேட்டபோது, என் மாமியார் ஒரு மாதிரியும் என் அம்மா வேறு மாதிரியும் சொன்னார்கள். இருவருமே சரியாகப் பார்க்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. மருத்துவமனைச் சீட்டில் "2 கிலோ 700 கிராம்" என்று ஒரு வரி இருக்கிறது. என் மகனைப் பற்றி என்னிடம் எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான். பீரோவில் நகைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

ஆனால் படத்தைக் கொண்டுபோய் அவள் முன்னால் நீட்டவும் வேண்டாம். முதலில் தம்பியிடம் பேசுங்கள். அவனுக்குத் தெரியாமல் செய்தால் பிறகு அது உங்கள் மூவருக்கும் இடையே முள்ளாக நிற்கும். அதன் பிறகு அவளிடம் ஒரே ஒரு முறை, "உன் மகளின் படம் ஒன்று என்னிடம் பத்திரமாக இருக்கிறது, நீ எப்போது கேட்டாலும் தருகிறேன், கேட்காவிட்டாலும் அது இருக்கும்" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். நாளைக்கே கேட்கலாம், ஐந்து ஆண்டுகள் கழித்தும் கேட்கலாம்.

அவள் கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். எந்த மரத்தடி, எந்தப் பக்கம் தலை வைத்தார்கள், மேலே கல் வைத்தார்களா முள் போட்டார்களா, எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லுங்கள். நாய் நரி தோண்டியிருக்குமோ என்று நான் எத்தனை இரவுகள் விழித்திருந்தேன் என்பது என் கணவருக்கே பல ஆண்டுகள் தெரியாது. அந்த ஒரு செய்தியைச் சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் பேசியவர்களில் பெரும்பாலோர் ஆறுதல் என்று நினைத்துக் கணக்குப் பார்த்தார்கள். சின்ன வயதுதானே, அடுத்த வருடமே தொட்டில் ஆடும் என்றார்கள். வளர்ந்து ஓடியாடிய பிறகு போயிருந்தால் இன்னும் கொடுமை என்றார்கள். உங்கள் வீட்டில் போனது பெண் குழந்தை என்பதால், "பெண் பிள்ளைதானே" என்று யாராவது ஒரு பெரியவர் வாய் திறக்கக்கூடும். நீங்கள் அங்கே இருந்தால் அந்தப் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், மரியாதை பார்க்க வேண்டாம். எனக்கு உதவியவர் எதிர்வீட்டு அக்கா ஒருவர். மாலை நேரத்தில் முறத்தோடு வந்து உட்கார்ந்து மொச்சைக்காய் உரிப்பார், காயப்போட்ட துணியை எடுத்து மடித்து வைப்பார். பெரிதாக ஒன்றும் பேசமாட்டார். ஒரு நாள் மட்டும், "பையன் கையில் கனமாக இருந்தானா?" என்று கேட்டார். அன்றுதான் நான் முதன்முதலாக வாய்விட்டு அழுதேன். அவனை ஒரு பையன் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்.

உங்கள் மகனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை போன பிறகு நான் பேருந்தில் ஏறினால், தெரிந்த பெண்கள் மடியிலுள்ள கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொள்வார்கள். என் மனம் நோகக்கூடாது என்றுதான் மூடுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். என் கண் பட்டுவிடும் என்பதற்காக மூடினார்கள் என்று தெரிய வந்தபோது, மகன் போனதைவிட அது எனக்குக் குறைவாக வலித்தது என்று சொல்லமாட்டேன். ஆகவே முதல் தடவை மகனை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், ஆனால் அவனை ஒளிக்காதீர்கள். "அடுத்த முறை அவனைத் தூக்கி வரட்டுமா, இல்லை இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமா?" என்று அவளையே கேளுங்கள். என்ன சொன்னாலும் அதன்படி செய்யுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலி

தருமபுரி மாவட்டத்தின் துணை சுகாதார நிலையங்களில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். மனத்தைப் பற்றி மேலே எழுதிய அம்மா சொல்லிவிட்டார். நான் உடம்பைப் பற்றியும் காகிதங்களைப் பற்றியும் எழுதுகிறேன், ஏனென்றால் குழந்தை இல்லாத வீட்டில் தாயின் உடம்பை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

குழந்தை உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரசவமான 2 முதல் 4 நாள்களுக்குள் பால் சுரந்துவிடும். பல வீடுகளில் பிரசவத்துக்கு முன்பே பூண்டும் கருவாடும் வாங்கி வைத்திருப்பார்கள். அந்தப் பழக்கத்திலேயே பால் சுரப்பதற்கான பத்தியச் சாப்பாட்டை இந்தத் தாய்க்கும் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவாள். மார்பு கட்டிக்கொண்டால் குளிர்ந்த துணி ஒற்றடம் கொடுக்கலாம், வலி தீரும் அளவுக்குக் கொஞ்சம் மட்டும் பீய்ச்சி விடலாம். முழுவதும் பீய்ச்சினால் மறுபடியும் சுரக்கும். துணியால் இறுக்கிக் கட்டினால் பால் கட்டிச் சீழ் பிடிக்க வாய்ப்புண்டு. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். இறுக்கிக் கட்டாமல் வைத்தால் அதனால் கெடுதல் இல்லை. பாலை நிறுத்த மாத்திரை உண்டு, ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாது என்பதால் மருத்துவரைக் கேட்காமல் மருந்துக்கடையில் வாங்கவே கூடாது. உங்கள் தம்பி மனைவிக்கு இப்போது பால் அநேகமாக வற்றியிருக்கும். இருந்தாலும் தனியாக இருக்கும்போது கேளுங்கள். தாயிடம்கூட இதைச் சொல்லாத பெண்கள் இருக்கிறார்கள்.

காய்ச்சல், தையலில் சீழ், நாற்றமுள்ள உதிரப்போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு 6 வாரங்கள் வரை இந்தக் கவனம் தேவை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: தாய்க்கு நெகட்டிவ் வகை இரத்தமும் குழந்தைக்குப் பாசிட்டிவ் வகை இரத்தமும் இருந்தால், குழந்தை இறந்திருந்தாலும் தாய்க்கு 72 மணி நேரத்துக்குள் ஆன்ட்டி-டி ஊசி போட வேண்டும். அழுகைக்கு நடுவில் இது விட்டுப்போனால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து.

இனி பதிவுகள். ஒரு மணி நேரம் உயிரோடு இருந்த குழந்தையாக இருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டும் பதிவாக வேண்டும். இறந்தே பிறந்த குழந்தைக்குத் தனிப் பதிவு. 21 நாள் கெடு உண்டு; மருத்துவமனையில் நடந்ததை மருத்துவமனையே தெரிவித்துவிடும் என்றாலும், பதிவாகிவிட்டதா என்று நீங்கள் ஒரு முறை விசாரித்து வாங்கி வைப்பது நல்லது. பெயர் வைக்காமலும் பிறப்பைப் பதியலாம், பெயரைப் பிறகும் சேர்க்கலாம். அடுத்தது, தாய் வீட்டுப் பகுதிச் செவிலியரையும் மாமியார் வீட்டுப் பகுதிச் செவிலியரையும் நேரில் பார்த்து, பிக்மி எனப்படும் அரசின் தாய்-சேய் கணினிப் பதிவில் குழந்தையின் இறப்பு ஏறிவிட்டதா என்று கேளுங்கள். ஏறாவிட்டால் ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு, "பாப்பாவை ஏன் இன்னும் தூக்கி வரவில்லை?" என்று தாய்க்கே தொலைபேசி வரும். என் கையாலேயே ஒரு முறை அப்படி ஓர் அழைப்பு போய்விட்டது. எதிர்முனையில் அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் இருந்த அந்த நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கும் வந்தது. அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அந்தக் காலத்தின் நிழல் இன்னும் முழுவதும் போகவில்லை. பெண் குழந்தை இறந்த வீட்டுக்குச் சுகாதாரத் துறையினர் வந்து கேள்வி கேட்டால், ஊர் ஒரு மாதிரி பார்க்கிறது. குழந்தை இறப்பு ஆய்வு என்பது ஆணானாலும் பெண்ணானாலும், மருத்துவமனையில் இறந்தாலும் வீட்டில் இறந்தாலும் நடப்பது. எங்கே தாமதமானது, எதைத் தடுத்திருக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். இதைத் தாய்க்கு முன்கூட்டியே சொல்லி, வருகிறவர்கள் பேசும்போது வீட்டார் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பப்பாளி தின்றதாலோ கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ குழந்தை போகவில்லை என்பதையும் ஒரு மருத்துவர் வாயால் அவள் கேட்க வேண்டும். ஐந்து வாரங்கள் முந்திப் பிறந்த குழந்தைக்கு நுரையீரல் முழுதும் முதிராமல் மூச்சுத் திணறல் வரலாம். அடுத்த கருவைப் பற்றி இப்போது யாரும் பேச வேண்டாம், ஆனால் அறுவைத் தையல் ஆற வேண்டும் என்பதையும், எப்போது கருத்தரிக்கலாம் என்பதை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்பதையும் தம்பியிடம் தனியாகச் சொல்லி வையுங்கள்.

அழுவதைக் கண்டு பயப்படாதீர்கள். தூக்கமே இல்லாமல், சாப்பிடாமல், எதிலும் ஒட்டாமல் வாரக்கணக்கில் போனாலோ, தானும் போய்விடலாம் என்கிற பேச்சு வந்தாலோ அன்றே உதவி தேட வேண்டும். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணும் இருக்கிறது. அவள் பேசத் தயங்கினால் நீங்களே முதலில் அழைத்து என்ன செய்வதென்று கேட்கலாம்.

பதில்: ஓசூர் தொழிலாளி

நான் ஓர் அப்பா. அதிகம் எழுதத் தெரியாது, ஆனால் உங்கள் தம்பியைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தவன் அவன். எனக்கும் அப்படித்தான் நடந்தது; மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டு வாங்கி, சூளகிரி வரை வண்டியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். துணிக்குள் இன்னும் சூடு இருப்பது போலவே எனக்குத் தோன்றியது. ஊருக்கு வந்து குழியை நானே வெட்டினேன். நான்காம் நாள் வேலைக்குப் போய்விட்டேன், ஏனென்றால் தனியார் வேலையில் இதற்கென்று அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள் விடுப்பும் கிடையாது. பேருந்து நிறுத்தத்திலும் கேன்டீனிலும் பார்த்தவர்கள் எல்லாரும், "வீட்டில் எப்படி இருக்கிறார்கள்?" என்றுதான் கேட்டார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

அவன் படத்தை அழிக்கச் சொல்வது அவளுக்காக மட்டும் இருக்காது, அக்கா. அவனால் பார்க்க முடியவில்லை. பெரியவர்களைப் போல எதிரே உட்கார வைத்துக் கேட்டால் அவன் ஒன்றும் சொல்லமாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு அந்தப் பூவரச மரம் வரைக்கும் நடந்து போங்கள். பக்கத்தில் நின்றால் போதும். மண்ணை எப்படி மூடினான் என்று அவன் வாயால் சொல்லட்டும். அதை உங்களிடம் ஒரு முறை சொல்லிவிட்டால் மனைவியிடம் சொல்வது அவனுக்குக் கொஞ்சம் எளிதாகும். ஐந்தாம் மாதத்தில்தான் நான் என் மனைவியிடம் சொன்னேன். அதுவரை நான் அழாததைப் பார்த்து, குழந்தை எனக்குப் பொருட்டே இல்லை என்று அவள் நினைத்திருந்தாள்.

தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களுக்காக ஒரு செய்தி. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்களுக்கு, 26 வார கர்ப்பத்துக்குப் பிறகு நடக்கும் பிரசவத்தில் குழந்தை இறந்தே பிறந்தாலும் அது பிரசவம்தான். சந்தா நாள் கணக்கு சரியாக இருந்தால் மகப்பேற்றுப் பணப்பயன் உண்டு. கருச்சிதைவுக்கு 6 வாரங்கள் உண்டு. என் மனைவி வேலை செய்த இடத்தில், குழந்தை இல்லையே, இனி எதற்கு விடுப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நாங்களும் தெரியாமல் விட்டுவிட்டோம். தையலோடு அவள் நின்று வேலை செய்தாள்.

பதில்: பென்னாகரம் மூத்தவள்

எல்லாரும் படத்தைக் காட்டச் சொல்லியும் பேசச் சொல்லியும் எழுதியிருக்கிறீர்கள். மறுப்பு இல்லை. ஆனால் எனக்கு இரண்டு குழந்தைகள் போனார்கள், இரண்டு முறையும் நான் பார்க்க மறுத்துவிட்டேன். காட்டட்டுமா என்று மருத்துவச்சி கேட்டார்; வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இன்று எனக்கு 67 வயது. அதற்காக நான் வருந்தியதில்லை, அவர்களை நான் நேசிக்காமலும் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போகும்போதெல்லாம் இருவருக்கும் சேர்த்து இரண்டு கை பூவை ஆற்றில் விடுகிறேன். அது யாருக்கும் தெரியாது, இப்போதுதான் சொல்கிறேன். அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னால், பார்த்தால்தான் மனம் ஆறும் என்று யாரும் வற்புறுத்தாதீர்கள் அம்மா. கேட்க ஆள் இருந்தார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மீண்டும் கிருஷ்ணகிரி வாசகி

எழுதிய எல்லாருக்கும் நன்றி. உங்கள் சொந்தத் துயரத்தைத் திறந்து எனக்காக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு பதிலையும் பலமுறை படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு கொல்லைக்குப் போனேன். மரத்தடியில் அவன் கருங்கற்களை அடுக்கி, மேலே வேலிமுள் வெட்டிப் போட்டிருக்கிறான். முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு தானாகவே, தலையை மரத்தின் பக்கம் வைத்ததாகவும், தன்னுடைய கல்யாண வேட்டியைக் கிழித்துச் சுற்றியதாகவும் சொன்னான். வேட்டி கிழிந்திருப்பது அவளுக்குத் தெரியக்கூடாது என்று பெட்டியின் அடியில் வைத்திருக்கிறானாம். படத்தை அழிக்க வேண்டாம் என்று அவனாகச் சொல்லவில்லை. நான் அழிக்கப் போவதில்லை என்று சொன்னபோது மறுக்கவும் இல்லை.

நேற்று மகனை என் மாமியாரிடம் விட்டுவிட்டு, நான் மட்டும் காரிமங்கலம் போனேன். அரூர் அம்மா சொன்னபடியே படத்தைப் பற்றி ஒரு முறை சொன்னேன். வெகுநேரம் கழித்து அவள், "முடி இருந்ததா அக்கா?" என்று கேட்டாள். நிறைய இருந்தது, நெற்றி வரை சுருண்டு இருந்தது என்று சொன்னேன். படம் இப்போது வேண்டாம், நீங்களே வைத்திருங்கள் என்றாள். எங்கே வைத்தார்கள் என்று கேட்டாளே, அதை நான் சொல்லவில்லை. தம்பி வரும் சனிக்கிழமை தானே வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறான், அந்த வேட்டியையும் கொண்டுவருவான்.

கிளம்பும்போது அவளுடைய அம்மா என்னை அடுப்படிக்கு அழைத்து, சின்னச் சட்டைகளைத் தான் யாருக்கும் கொடுக்கவில்லை என்றும், நெல் குதிருக்குள் ஒளித்து வைத்திருப்பதாகவும் காதோடு சொன்னார். அவரும் இத்தனை நாளும் தனியாக அழுதுகொண்டிருந்திருக்கிறார். மகளிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

செவிலியர் அம்மாவுக்கு: பகுதிச் செவிலியரைப் பார்த்துவிட்டேன். பிக்மியில் இறப்பு ஏறவில்லை, என் கண்ணெதிரேயே குறித்துக்கொண்டார். பிறப்பும் இறப்பும் பதிவாகியிருக்கின்றன, பெயர் மட்டும் இல்லை. பெயர் சேர்க்கலாம் என்று அவளிடம் சொன்னேன், யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வியாழக்கிழமை மறுபடியும் போகிறேன். மகனைத் தூக்கி வரலாம் என்று சொல்லியிருக்கிறாள்.